காயாத ஒரு பலகை

"தாரா! தாரா!" என்று வேலிக்கு அந்தப் பக்கமிருந்து மக்சிக் ரோஸ் கத்தினார்.

தாரா என்பது யாரோ ஒரு பெண்ணின் பெயரல்ல. மலாயில் ரத்தம். பக்கத்து வீட்டு மலாய்க்கார அம்மாளை மக்சிக் என்றுதான் கூப்பிடுவோம், நம்ம பெரியம்மா மாதிரி. அவருக்கு எழுபது வயதுக்கு மேலாகிறது. கண்ணாடி போடாவிட்டால் என் வீட்டு மாமரத்துக்கும் தபால்காரருக்கும் அவருக்கு வித்தியாசம் தெரியாது. அன்று கண்ணாடி போட்டிருந்தார். அதனால்தான் எனக்குப் பயம் பிடித்தது.

குனிந்து பார்த்தேன். என் வீட்டு மர வராந்தாவில், வாசற்படி தொடங்கி இறங்கும் படிவரை, பலகைக்குப் பலகை சிவப்பாகத் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. நடுவில் நான். முழங்கால்வரை தூக்கிச் செருகிய கைலி, கையில் ரப்பர் உறை, நீளக் கம்பு போட்ட பிரஷ், வெறுங்கால். கணுக்கால்வரை ஒரே சிவப்பு.

எனக்கு இனிப்பு நீர், சர்க்கரை வியாதி, இருக்கிறது. காலில் ஆணி ஏறினாலும் தெரியாது என்று கிளினிக் டாக்டர் பயமுறுத்தி வைத்திருக்கிறார். ஒவ்வொரு காலாகத் தூக்கிப் பார்த்தேன். இரண்டும் முழுசாகத்தான் இருந்தன.

"வசந்தா, காக்கி லூக்கா கே?" கால்ல காயமா என்று மக்சிக் மறுபடியும் கேட்டார்.

"இல்ல மக்சிக்" என்றேன். மகன் கல்யாணத்துக்கு இரண்டு வாரம்கூட இல்லை, வீட்டு வாசல் ஆடு வெட்டிய இடம் மாதிரி கிடக்கிறது, காரணம் எனக்கே தெரியாது. இதை எந்த மொழியில் விளக்குவது?

எனக்கு ஒதுக்கப்பட்ட இடம்

விஷயத்தை முன்னாலேயே சொல்லிவிடுகிறேன். என் ஒரே மகன் தினேஷ் சிங்கப்பூரில் வேலை செய்கிறான். பெண்ணுக்கு ஊர் பெக்கான் நானாஸ். பெயர் ஷாமினி. அவர்களே பார்த்து, அவர்களே பேசி, கடைசியில் எங்களிடம் மரியாதைக்காக அனுமதி கேட்டார்கள். நாங்களும் மரியாதையாகக் கொடுத்தோம். அதற்குள் என் வீட்டுக்காரர் போய்விட்டார். வருஷத் திதி முடியட்டும் என்று காத்திருந்து, கோவிலில் கல்யாணம், அங்கிருந்து நேராக கோத்தா திங்கியில் இருக்கிற எங்கள் வீட்டுக்கு வருவது என்று ஏற்பாடு.

என் ஆசை ஒன்றும் பெரிசில்லை. மருமகள் காரிலிருந்து இறங்கி வரும்போது வாசலில் நான் நிற்க வேண்டும். ஆரத்தித் தட்டு என் கையில் இருக்க வேண்டும். மகனைப் பெற்ற நாளிலிருந்து மனசுக்குள் நடத்திப் பார்த்த காட்சி அது.

வீட்டுக்காரரின் தங்கை பத்மா, கல்யாண வேலைக்கென்று முன்னாடியே வந்து தங்கியிருந்தாள். ஒரு நாள் வெங்காயம் உரித்தபடி ஆரம்பித்தாள். "அண்ணி, நான் சொல்றத நீங்க தப்பா எடுத்துக்கக்கூடாது."

என்னிடம் இப்படி ஆரம்பித்த எந்தப் பேச்சும் நல்லபடியாக முடிந்ததில்லை.

"ஆரத்தி நான் எடுக்கிறேன். என்கூட லலிதா ஒரு பக்கம் புடிச்சுக்குவா. நீங்க உள்ள பால் காய்ச்சுங்க. அதுவும் முக்கியமான வேலைதானே அண்ணி? ஊர்ல நாலு பேரு வர்ற இடம். நம்ம புள்ள நல்லா இருக்கணும்லா."

லலிதா என் சித்தப்பா மகள். அவளுக்குப் புருஷன் இருக்கிறார், கூடவே இருக்கிறார். பத்மாவின் கதை வேறு. அவள் புருஷன் பாசிர் கூடாங்கில் இருக்கிறார். உயிரோடு இருக்கிறார், அதில் சந்தேகமில்லை. தீபாவளிக்குத் தீபாவளி போன் வரும். மற்ற நாட்களில் யாரோடு இருக்கிறார் என்பது எங்கள் குடும்பத்தில் யாரும் கேட்காத கேள்வி. எங்கேயோ ஒரு மனிதர் சட்டை மாட்டிக்கொண்டு நடமாடுகிறார் என்பதால் பத்மாவின் கைக்கு மங்கலம் இருந்தது. என் சமையலைக் குறை சொல்லிக்கொண்டே மூன்று வேளையும் என்னோடு உட்கார்ந்து சாப்பிட்ட மனிதர் செத்துப்போனதால் என் கைக்கு அது இல்லாமல் போயிற்று.

கோபம் வந்தது. அழுகையும் வந்தது. வெங்காயம் இருந்ததால் அழுகைக்குப் பிரச்சினை இல்லை. கோபத்தை என்ன செய்வது? "நம்ம புள்ள நல்லா இருக்கணும்" என்று சொன்ன பிறகு எந்தத் தாய் வாயைத் திறப்பாள்? சரி என்று சொல்லிவிட்டேன்.

கோபம் வந்தால் எதையாவது தேய்த்துக் கழுவுவது என் பழக்கம். வீட்டில் அதற்குமேல் கழுவ ஒன்றும் மிச்சமில்லாத நிலையில்தான் வராந்தா கண்ணில் பட்டது. என்னை வாசலில் நிற்கக்கூடாது என்றுதானே சொன்னார்கள்? வாசலைக் கழுவக்கூடாது என்று யாரும் சொல்லவில்லையே.

செங்கால் மரமும் ஒரு வார்த்தையும்

என் வீட்டுக்காரர் செம்பனை எண்ணெய் ஆலையில் ஃபிட்டராக இருந்தவர். ஆற்றில் வெள்ளம் வந்து ஒரு தடவை எங்கள் வீட்டுக்குள் முழங்கால் அளவு தண்ணீர் நின்றது. தண்ணீர் வடிந்ததும் மனிதர் வீட்டையே தூக்கி உயரத்தில் வைக்கப்போவதாகக் கிளம்பினார். முடியவில்லை. வீட்டுக்கு முன்னால் உயரமாக ஒரு வராந்தாவைக் கட்டித் திருப்தி அடைந்தார். வெள்ளம் வந்தால் வீடு முழுகும், வராந்தா முழுகாது. அதில் உட்கார்ந்து வீடு முழுகுவதைப் பார்க்கலாம் என்று நான் சொன்னதற்கு அவர் ஒரு வாரம் என்னோடு பேசவில்லை.

பலகைகள் எஸ்டேட்டில் இடித்த பழைய துரை பங்களாவில் கிடைத்தவை. செங்கால் மரம். இங்கே எல்லாரும் அப்படித்தான் சொல்வோம். இரும்பு மாதிரி கனக்கும். "கரையான் கடிச்சா கரையானுக்குத்தான் பல்லு போகும்" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்வார். போட்ட புதிதில் நல்ல தேன் நிறத்தில் இருந்தது. இரண்டு மழைக்காலம் போனதும் சாம்பல் பூத்து, ஆணி அடித்த இடமெல்லாம் கறுப்பு வட்டம் விழுந்து, ஓரத்தில் பாசி பிடித்துவிட்டது.

"சாயம் பூசணுங்க" என்பேன்.

"பூசலாம். மரம் ஈரமா இருக்கு. காயட்டும்" என்பார்.

கோத்தா திங்கியில் மரம் காய்வதாவது! இங்கே மழை பெய்யும், இல்லாவிட்டால் பெய்யப்போகும். ஆனாலும் பொல்லாத வெயில் அடித்த மாதங்களிலும் அவர் வாயிலிருந்து வந்தது அதே காயட்டும்தான். ஒரு தடவை சாயமும் வாங்கி வந்தார். மரம் காய்வதற்குள் டின்னுக்குள் சாயம் காய்ந்துவிட்டது. வாசற்படியை ஒட்டிய முதல் பலகைக்கு மேலே கூரைத் தகரம் ஒழுகும். அதை அடைக்கச் சொன்னால் அதற்கும், "மழை நிக்கட்டும், தகரம் காயட்டும்."

வராந்தாவில் அவருடைய பிரம்பு நாற்காலி கடைசிவரை அந்த ஒழுகலுக்கு இரண்டடி தள்ளியே கிடந்தது. முந்தின வருஷம் அவரைக் கடைசியாகக் கிடத்தியிருந்ததும் அதே இடத்தில்தான். அன்றும் மழை. வந்தவர்கள் செருப்புச் சேறும் குடைத் தண்ணீருமாகப் பலகையெல்லாம் நனைந்துபோயிற்று. என் பக்கத்திலிருந்த பெண்கள் என்னென்னவோ சொல்லி அழுதார்கள். எனக்கு, இனி இது எப்போது காயும் என்றுதான் ஓடியது. பைத்தியக்கார மனசு.

கறை வாங்கப் போனேன்

வராந்தாவைச் சுத்தம் பண்ணப்போகிறேன் என்றதும் தினேஷ் போனில் பெரிய இன்ஜினியர் மாதிரி சொன்னான். "ம்மா, அப்படியே பூசிடாதீங்க. முதல்ல நல்லா கழுவணும், அப்புறம் காய வைக்கணும், அப்புறம்தான் ஸ்டெய்ன்."

"ஸ்டெய்ன்னா கறைதானேடா? கழுவிட்டு யாராவது கறை வாங்கிப் பூசுவாங்களா?"

"ம்மா, அது வேற ஸ்டெய்ன் லா. மரத்துக்குப் பூசுற சாயம்."

ஹார்ட்வேர் கடைத் தவுக்கேயிடம், அந்தச் சீன முதலாளியிடம், போய் நின்றேன். அவர் இரண்டு பைகளைத் தூக்கி மேசைமேல் வைத்தார். பெரிய பையில் மரம் கழுவுகிற சவுக்காரத் தூள். சின்னப் பையில் வெள்ளை வெளேரென்று ஒரு புளிப்புத் தூள். முதலில் சவுக்காரம் போட்டுத் தேய்த்தால் பாசியும் அழுக்கும் போகும், ஆனால் மரம் கறுத்துவிடும். அலசிவிட்டு, இரண்டாவதாகப் புளிப்புத் தூளைக் கரைத்து ஊற்றினால் கறுப்பு போய் மரத்தின் சொந்த நிறம் திரும்பும். இதையெல்லாம் அவர் மலாயும் கையுமாகச் சொன்னார். கடைசியில் விரலை ஆட்டி, "ஆன்ட்டி, ஜாங்கான் சம்போர் ஆ" என்றார். ரெண்டையும் கலந்துடாதீங்க என்று அர்த்தம்.

நான் ஏன் கலக்கப்போகிறேன் என்று வந்துவிட்டேன்.

பூச்சட்டிகளையும் செருப்புத் தட்டையும் பிரம்பு நாற்காலியையும் இறக்கி வைத்தேன். பலகை இடுக்குகளைப் பழைய கத்தியால் கிளறினேன். எத்தனை வருஷத்துக் குப்பை! மாவிலைக் காம்பு, பட்டாசுத் தாள், ஒரு காசு, தினேஷின் பள்ளிச் சட்டைப் பொத்தான். வீட்டுக்காரர் காது குடைகிற ஊக்கு ஒன்று அகப்பட்டது. அதைக் காணோம் என்று அவர் என்னைத்தான் ஒரு மாதம் சந்தேகப்பட்டார். "இந்தாங்க, உங்க ஊக்கு" என்று வாய்விட்டே சொன்னேன்.

துருத்திக்கொண்டிருந்த ஆணித் தலைகளைச் சுத்தியால் உள்ளே தட்டினேன். சிலாம்பு எழும்பிய இடங்களில் உப்புத்தாள் போட்டேன். பிறகு சவுக்காரத் தூளைக் கரைத்து ஊற்றி, மரத்தின் ரேகை போகிற பக்கமாகவே தேய்க்க ஆரம்பித்தேன். குறுக்கே தேய்த்தால் மரம் சிராய்த்துப் போகும் என்று தவுக்கே சொல்லியிருந்தார். தேய்க்கத் தேய்க்க மனசுக்கு இதமாக இருந்தது. பத்மா சொன்னதை நினைத்து ஒரு இழுப்பு, பாசிர் கூடாங்கை நினைத்து ஒரு இழுப்பு.

அப்போதுதான் தண்ணீர் சிவந்தது.

பத்மா ஊற்றிய வாளி

மக்சிக்கின் சத்தம் கேட்டுப் பத்மா உள்ளேயிருந்து ஓடி வந்தாள். வாசற்படியில் கால் வைத்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

"அலமாக்! அண்ணி, என்ன பண்ணீங்க?"

"கழுவினேன்."

"கழுவினா இப்படியா ஆகும்?" கீழே பார்த்தாள், என்னைப் பார்த்தாள், மறுபடியும் கீழே பார்த்தாள். குரல் இறங்கிவிட்டது. "அண்ணி, இது ஆரத்தி மாதிரி இல்ல இருக்கு?"

அந்த வார்த்தையைக் கேட்டதும்தான் எனக்கு மூளை வேலை செய்தது. மாதிரி என்ன, சாட்சாத் அதேதான். மஞ்சளில் சுண்ணாம்பு சேர்த்தால் சிவக்கும். இதைத் தெரியாத தமிழ்க் குடும்பம் உண்டா? சுண்ணாம்பு செய்கிற வேலையைச் சவுக்காரமும் செய்யும் போலிருக்கிறது. வெள்ளைச் சட்டையில் மஞ்சள் குழம்பு கொட்டி, சோப்புப் போட்டதும் சிவந்து, திட்டு வாங்காத பெண் யார் இருக்கிறாள்?

மஞ்சள் எங்கிருந்து வந்தது? வெள்ளிக்கிழமைதோறும் நான் தெளிக்கிறது கொஞ்சம். முக்கால்வாசி பத்மாவுடையது. திதி முடிந்த மறுநாள், வீட்டில் இருக்கிற தீட்டெல்லாம் கழியட்டும் என்று மஞ்சள் டப்பாவையே வாளியில் கவிழ்த்துக் கரைத்து, வாசற்படியிலிருந்து படிவரை வராந்தா முழுக்க ஊற்றிவிட்டாள். வருஷக்கணக்கில் சாயம் காணாத மரம். தாகத்தில் கிடந்தது, ஊற்றியதையெல்லாம் குடித்துவிட்டது.

ஆக, என் புருஷன் செத்த தீட்டைக் கழிக்க அவள் ஊற்றியது மஞ்சள். தட்டைத் தொடக்கூடாதவள் கோபத்தில் தேய்த்தது சவுக்காரம். இரண்டும் சேர்ந்து தட்டே இல்லாமல் வீட்டு வாசலுக்கு இத்தனை பெரிய ஆரத்தி.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பிரஷ்ஷைப் பிடித்துக்கொண்டு நின்ற இடத்திலேயே சிரித்தேன். பத்மா சிரிக்கவில்லை. "சிரிக்காதீங்க அண்ணி. வெளிய யார்ட்டயும் சொல்லாதீங்க" என்றாள். வேலியில் கையை ஊன்றி நின்ற மக்சிக்கிடம், ரத்தமில்லை, மஞ்சள்தான் என்று விளக்கினேன். அவருக்கு முழுக்கப் புரியவில்லை. கல்யாணத்தன்று வாசலில் இப்படிச் சிவப்புத் தண்ணீர் சுற்றுவோம், அதை என் நாத்தனார் செய்வாள் என்றேன்.

"ஏன், நீதானே அம்மா?" என்று மலாயில் கேட்டார்.

"நான் ஜண்டா, மக்சிக்." விதவை என்பதற்கு மலாயில் அந்த வார்த்தைதான் எனக்குத் தெரியும்.

"நானும்தான் ஜண்டா. என் மகன் கல்யாணத்துல முதல் நாற்காலி எனக்குத்தான் போட்டாங்க" என்று சொல்லிவிட்டு, கோழிக்குத் தீனி வைக்கப் போய்விட்டார்.

பத்மா குழாயைத் திறக்கிற சாக்கில் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அந்தச் சிவப்பை அலச எனக்கு மனசே வரவில்லை. ஆனால் சவுக்காரத்தை மரத்தில் காயவிடக்கூடாது. அலசினேன். பலகைக்குள் ஊறியிருந்த சிவப்பு அப்படியே நின்றது. பிறகு வெள்ளைத் தூளைக் கரைத்து ஊற்றினேன். கண்ணெதிரே சிவப்பு ஓடிப்போய் மஞ்சளாயிற்று. ஆணியைச் சுற்றியிருந்த கறுப்பு வட்டங்களும் கரைந்தன. மறுபடியும் அலசியதும் மஞ்சளும் பெரும்பாலும் போய், அவர் பலகை போட்ட வருஷத்துத் தேன் நிறம் வெளியே வந்தது. அதைப் பார்க்க அவர் இல்லையே என்று இருந்தது.

தண்ணீர் தெளித்துப் பார்த்தல்

அதிசயமாக வெயில் அடித்தது. பலகையில் தண்ணீர் தெளித்துப் பார்த்தேன். துளி முத்தாக நின்றால் மரம் இன்னும் தயாரில்லை. உடனே உள்ளே இழுத்தால் பூசலாம். எல்லாப் பலகையும் இழுத்தன, ஒன்றைத் தவிர. வாசற்படியை ஒட்டிய அந்த முதல் பலகை மட்டும், தகரத்தின் ஒழுகல் உபயத்தில், உள்ளுக்குள் ஈரமாகவே இருந்தது.

வார இறுதியில் தினேஷ் வந்து என்னோடு உட்கார்ந்து சாயம் பூசினான். அவனுக்கும் அப்பா மாதிரியே வேலை செய்யும்போது நாக்கை ஓரமாகக் கடிக்கிற பழக்கம். முதல் பலகையை மட்டும் விட்டு, மேலே மிதியடியைப் போட்டு மறைத்தோம்.

ஆரத்தியை யார் எடுப்பது என்பதைப் பற்றி அவன் கேட்கவில்லை. ஆண்பிள்ளைகளுக்கு அதெல்லாம் தானாக நடக்கிற காரியம். நானும் சொல்லவில்லை. சொன்னால் அவன் அத்தையோடு சண்டைக்குப் போவான், கல்யாண வீட்டில் அது எதற்கு? மிஞ்சிய சவுக்காரத் தூளைப் பையோடு கட்டி வைத்தேன். வெள்ளைத் தூளின் பை கிழிந்திருந்தது. அதை ஒரு மூடி போட்ட டப்பாவில் கொட்டி, இரண்டையும் பின்பக்க அலமாரியில் ஏற்றினேன்.

வேண்டுமென்றே அங்கே வைத்தேனா என்று தினேஷ் பிற்பாடு கேட்டான். சத்தியமாக இல்லை. அவ்வளவு தூரம் யோசிக்கிற மூளை எனக்கு இருந்தால் பத்மாவுக்கு அன்றைக்கே பதில் சொல்லியிருப்பேனே.

கல்யாணத்தன்று

கல்யாணத்தன்று வழக்கம்போல மழை. தாலி கட்டியதும், பால் காய்ச்ச வேண்டியவளும் தட்டு ஏந்த வேண்டியவளும் முன்னாலேயே போகட்டும் என்று என்னையும் பத்மாவையும் ஒரு காரில் ஏற்றி அனுப்பினார்கள். லலிதாவும் மற்ற பெண்களும் வேனில், மணமக்கள் காருக்குப் பின்னால். மணமக்கள் கார் தாண்டியதும் சாலையில் தண்ணீர் ஏறிவிட்டது என்று வேன் சுற்றுவழியில் போய், பாலத்துக்கு அந்தப் பக்கம் நெரிசலில் மாட்டிக்கொண்டது.

நான் சமையலறையில் பாலைப் பார்த்துக்கொண்டு நின்றேன். எனக்கென்று கொடுத்த முக்கியமான வேலை. பார்த்துக்கொண்டிருந்தால் பால் லேசில் பொங்குவதில்லை.

"அண்ணி!" பத்மா தட்டோடு ஓடி வந்தாள். "சிவக்க மாட்டேங்குது அண்ணி!"

"எது?"

"ஆரத்திதான்! எவ்வளோ சுண்ணாம்பு போட்டாலும் மஞ்சளாவே நிக்குது. அபசகுனம் அண்ணி, நம்ம புள்ளைக்கு..." அவளுக்கு அழுகை முட்டியது.

தட்டைப் பார்த்தேன். பளிச்சென்று எலுமிச்சம்பழ நிறத்தில் இருந்தது. "சுண்ணாம்ப எங்கேர்ந்து எடுத்தே?"

"நான் கொண்டாந்தது டப்பாவுலயே காஞ்சு கல்லாப் போச்சு. பின்னால அலமாரில தூள் சுண்ணாம்பு இருந்துச்சே, வெள்ளையா..."

"எந்தக் கையால கலக்கினே?"

"இந்தக் கைதான். பூ வெட்டும்போது கத்தரிக்கோல் பட்ட இடம் எரியுது அண்ணி. ஏன் இப்படி எரியுது?"

அவளை இழுத்துக்கொண்டு போய்க் குழாயடியில் கையைப் பிடித்தேன். "அது சுண்ணாம்பு இல்லடி. வராந்தாவுல சிவப்ப அழிச்சுச்சே, அந்தத் தூள். அத வச்சிக்கிட்டு நீ நாளைக்கு வரைக்கும் கலக்கினாலும் சிவக்காது. கைய எடுக்காதே, தண்ணி ஓடட்டும்."

தெரு முனையில் ஹாரன் கேட்டது. தினேஷ் கார்.

தட்டிலிருந்ததை வெளியே கொட்டி, இரண்டு முறை கழுவினேன். புதிதாக மஞ்சள் கரைத்தேன். வீட்டில் நல்ல சுண்ணாம்பு கிடையாது, வாங்கி வர நேரமும் கிடையாது. அலமாரியிலிருந்து மரம் கழுவுகிற சவுக்காரத் தூளை எடுத்து ஒரு சிட்டிகை போட்டேன். குப்பென்று சிவந்தது. வெற்றிலைமேல் கற்பூரத்தை வைத்தேன்.

பத்மா குழாயடியிலிருந்தே பார்த்தாள். "ஒத்தையா புடிக்கக்கூடாதே அண்ணி. லலிதா வேன்ல இல்ல இருக்கா."

மக்சிக் ரோஸ் குடையோடு வேலி ஓரத்தில் நின்றுகொண்டிருந்தார். ஒரு கணம் பத்மாவின் கண் அந்தப் பக்கம் போனது. அவரும் விதவை என்பது நினைவுக்கு வந்திருக்க வேண்டும், கண் திரும்பிவிட்டது. கார்க் கதவு திறக்கிற சத்தம் கேட்டது.

"சரி, நீங்க ஒரு பக்கம் புடிங்க அண்ணி" என்றாள் பத்மா. "யாராச்சும் கேட்டா நான்தான் சுத்துனேன்னு சொல்லிடலாம்."

பின்னால் பால் பொங்கி அடுப்பில் வழிந்தது. அணைத்துவிட்டு நடந்தேன்.

பத்மா மிதியடியைக் காலால் ஓரமாகத் தள்ளினாள். கையில் ஈரத் துண்டைச் சுற்றிக்கொண்டு ஒரு பக்கம் அவள், மறுபக்கம் நான். ஷாமினி படியேறி வந்தாள். பட்டுப்புடவையை ஒரு கையால் தூக்கிப் பிடித்து, செருப்பைக் கழற்றி, பளபளக்கிற பலகையைச் சந்தேகமாகப் பார்த்தாள். "வழுக்குமா அத்தை?" என் வீட்டு வாசலில் என் மருமகள் என்னிடம் பேசிய முதல் பேச்சு அதுதான்.

"வழுக்காதும்மா. நல்லா காஞ்சிருச்சு, வா" என்றேன்.

முதல் சுற்று இரண்டு பேரும் சேர்ந்து சுற்றினோம். இரண்டாவது சுற்றில் எரிச்சல் தாங்காமல் பத்மா கையை எடுத்துவிட்டாள். மூன்றாவது சுற்று முழுக்க என்னுடையது. கண் சரியாகத் தெரியவில்லை. கற்பூர வெளிச்சத்துக்குப் பின்னால் இரண்டு பேரும் கலங்கலாக நின்றார்கள். என் மகன் நாக்கை ஓரமாகக் கடித்துக்கொண்டிருந்தான். எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. அதை வேறு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.

தட்டுத் தண்ணீரைத் தொட்டு நெற்றியில் வைக்க வேண்டும். பத்மா விரலை நீட்டினாள்.

"அத வைக்காதடி, மரச் சவுக்காரம். குங்குமத்த வை" என்று காதோடு சொன்னேன்.

மெதுவாகச் சொல்வதாகத்தான் நினைத்தேன். ஷாமினிக்குக் கேட்டுவிட்டது. தலையைக் குனிந்துகொண்டு, தோள் குலுங்க, மணப்பெண் மாதிரியே இல்லாமல் சிரித்தாள். அவளைப் பார்த்து எனக்கும் சிரிப்பு வந்து, தட்டு ஆடிவிட்டது. ஆரத்தித் தண்ணீர் முழுக்க வாசலோரத்து முதல் பலகையில் கொட்டியது. சாயம் பூசிய மற்ற பலகையாக இருந்தால் உருண்டு ஓடியிருக்கும். இது வெற்றுப் பலகை. அங்கேயே தேங்கி நின்றதை, கொஞ்சம் கொஞ்சமாக மிச்சம் வைக்காமல் குடித்தது.

வேன் வந்து சேர ஒரு மணி நேரத்துக்கு மேலாயிற்று. லலிதா இறங்கும்போதே கேட்டாள். "என்ன பத்மாக்கா, ஆரத்தி யாரு எடுத்தா?"

நான் பால் டம்ளர்களை அடுக்குகிற மாதிரி குனிந்துகொண்டேன்.

பத்மா துண்டு சுற்றிய கையால் முந்தானையைச் சரிசெய்தாள். "நாங்கதான்" என்றாள்.

மிஞ்சிய டின்

தகரத்தின் ஓட்டையைத் தினேஷ் அடைத்துவிட்டான். ஒழுகல் நின்று பல மாதம் ஆகிறது. வெள்ளிக்கிழமைகளில் வராந்தாவைச் சவுக்காரம் போட்டுக் கழுவுகிறேன். முதல் பலகையில் மட்டும் தண்ணீர் லேசாகச் சிவக்கும். போகப்போக வெளிறுகிறது. இருந்தாலும் சிவக்கிறது. அதன்மேல் வெள்ளைத் தூளை நான் ஊற்றுவதில்லை.

போன வாரம் இரண்டு பேரும் வந்திருந்தார்கள். தினேஷ் மிதியடியைத் தூக்கிப் பார்த்தான். "ம்மா, டின்ல பாதி ஸ்டெய்ன் இருக்கு. இந்த ஒரு பலகைய மட்டும் ஏன் இன்னும் விட்டு வச்சிருக்கீங்க? குடுங்க, பத்து நிமிஷ வேலை."

ஷாமினி என்னைப் பார்த்தாள். நான் அவன் கையிலிருந்து மிதியடியை வாங்கி, இருந்த இடத்திலேயே போட்டேன்.

"இன்னும் ஈரமா இருக்குப்பா" என்றேன். "காயட்டும்."